தஞ்சையிலிருந்து ஒருநாள் உலா



உலா என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்களுள் பலருக்கு உதகமண்டலமும் கோடைக்கானலும் நினைவுக்கு வரும். ஆண்டுதோறும் பள்ளிகளில் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் நாள் ஒன்று உண்டு. கட்ட இயலாத மாணவன் அன்று பள்ளிக்கு வரமாட்டான். மறுநாள் காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் கொண்டுவருவான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்த எனக்கு அந்தக் காய்ச்சலின் தன்மை நன்கு தெரியும். அதற்கு மருந்தாகவே, பேருந்துக் கட்டணமும் கட்டுச்சோறும் மட்டும் கொண்டு ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களைத் தேடத் தொடங்கினேன். தேடத் தேட, தஞ்சையைச் சுற்றி இருப்பவற்றை ஓராண்டு முழுதும் ஞாயிறுதோறும் பார்த்தாலும் தீராது என்று கண்டேன்.

இத்தகைய உலாவுக்கு வழிகாட்டி வேண்டுவதில்லை. தனி வண்டி வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடு, பென்சில், நீண்ட நூல்கயிறு ஒன்று, குடிநீர், புளிச்சோறு இவை போதும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, நம் மாணவியர் உலா செல்வதற்கு இருந்த தடைகளுள் ஒன்று நீங்கியது. கட்டணங்கள் மாறும் இயல்பின. ஆதலால் தொகைகளை நான் கூறப்போவதில்லை. புறப்படுமுன் பேருந்து நிலையத்தில் இரண்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: போவதற்கு என்ன கட்டணம், திரும்பி வரக் கடைசி வண்டி எப்போது. இரண்டாவது கேள்வியே முக்கியமானது.

முதல் உலாவாக நான் சொல்வது திருவையாறு. தஞ்சையிலிருந்து 13 கிலோமீட்டர்தான். 'இவ்வளவு அருகில் உள்ள ஊருக்கு உலாவா?' என்று நகைக்க வேண்டாம். பேருந்தில் சன்னல் ஓரம் அமர்ந்து ஆறுகளை எண்ணுங்கள். கரந்தையை ஒட்டி வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, பிறகு வெட்டாறு, குடமுருட்டி, முடிவில் காவிரி. ஒரு கையின் விரல்களைப் போல ஐந்து ஆறுகள் இந்தச் சிறு தொலைவில் வந்துவிடுகின்றன. ஊரின் பெயருக்கும் இவற்றையே காரணமாகச் சொல்வோர் உண்டு.

பூகோள நூலில் துணையாறுகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பவானியும் நொய்யலும் அமராவதியும் காவிரியில் வந்து கலப்பவை. ஆனால் இங்கே நீங்கள் கடக்கும் ஆறுகள் காவிரியில் கலப்பவை அல்ல, பிரிந்து செல்பவை. மேட்டு நாட்டில் ஆறு கூடுகிறது. சமவெளியில் ஆறு பிரிகிறது. காரணம் எளியது. கடலை நெருங்க நெருங்கத் தரையின் சரிவு குறைகிறது. சரிவு குறைந்தால் ஓட்டம் தளர்கிறது. ஓட்டம் தளர்ந்த நீர் தான் சுமந்துவந்த வண்டலை அங்கங்கே இறக்கி வைக்கிறது. படுகை மேடாகிறது, மேடான இடத்தில் ஆறு கரையை உடைத்துப் புதிய வழி தேடுகிறது. இப்படிப் பல நூற்றாண்டு தேடிய வழிகளே இக்கிளையாறுகள். மனிதன் அவற்றுக்குக் கரை கட்டி, மதகு வைத்து, வாய்க்கால் வெட்டினான்.

பேருந்து ஒவ்வொரு பாலத்தை நெருங்கும்போதும் சாலை சற்றே ஏறுவதையும், பாலத்தைக் கடந்தபின் இறங்குவதையும் கவனியுங்கள். ஆறு தன் வண்டலாலேயே தன் இருமருங்கையும் உயர்த்திக்கொண்டிருக்கிறது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள நிலம் தாழ்ந்திருக்கிறது. ஆகவேதான் ஏற்றமும் இறைவையும் இல்லாமல் ஆற்று நீர் வயலுக்குத் தானே இறங்கிப் பாய்கிறது. பாய்ந்த நீர் தேங்காமல் வெளியேற, தாழ்ந்த நடுப்பகுதியில் வடிகால் ஓடுகிறது. பாசன வாய்க்கால் எது, வடிகால் எது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவன் காவிரிப் படுகையின் இலக்கணத்தில் பாதியை அறிந்தவன். வேளாண் குடியில் பிறந்த மாணவர்களுக்கே இன்று இது தெரியாதிருப்பதைக் காண வருத்தமாக இருக்கிறது.

திருவையாற்றில் ஐயாறப்பர் கோயிலும், காவிரிக் கரையில் தியாகராசர் சமாதியும் உள்ளன. தியாகராசர் மறைந்தது 1847இல். பல்லாண்டுக் காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த அவ்விடத்தில், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற இசைக்கலைஞர். பெண்கள் ஆராதனையில் பாடுவதற்கு அக்காலத்தில் இருந்த தடையை எதிர்த்து நின்றவரும் அவரே. அவருடைய நினைவிடமும் அருகிலேயே இருக்கிறது. அதைப் பாராமல் திரும்பிவிடுவோர் மிகுதி. நீங்கள் பார்த்து வாருங்கள்.

இரண்டாவது உலா கல்லணைக்கு. திருக்காட்டுப்பள்ளி சென்று, அங்கிருந்து காவிரிக் கரையோடு போகலாம். தஞ்சையிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். கரிகாற்சோழன் கட்டியது என்று மரபு கூறும் அணை இது. அணை என்றால் நீரைத் தேக்குவது என்றே பலர் எண்ணுகின்றனர். கல்லணையின் முதல் வேலை தேக்குவதன்று, திருப்புவது. திருவரங்கத் தீவைச் சுற்றிப் பிரிந்துவரும் காவிரியும் கொள்ளிடமும் இவ்விடத்தில் மீண்டும் நெருங்குகின்றன. கொள்ளிடம் தாழ்ந்த படுகை உடையது; நேராகக் கடலுக்கு ஓடுவது. தடுக்காவிட்டால் காவிரி நீர் முழுதும் அதில் இறங்கிப் பயனின்றிக் கடலைச் சேரும். தஞ்சை வறண்டு போகும். அப்படி இறங்காமல் தடுக்கும் வளைந்த கற்சுவரே பழைய கல்லணை. அதன் நீளம் ஏறத்தாழ 1,080 அடி.

ஆற்று மணலில் பாறை கிடையாது. பாறை இல்லாத இடத்தில் எப்படி அடித்தளம் அமைத்தார்கள்? பெருங்கற்களை மணலில் போட்டார்கள். நீரோட்டம் கல்லின் அடியில் உள்ள மணலை அரிக்க, கல் கீழே இறங்கியது. அதன்மேல் மற்றொரு கல், அதுவும் இறங்கியது. இனி இறங்காது என்ற நிலை வரும்வரை கற்களைக் களிமண் சாந்தோடு அடுக்கினார்கள். ஓடும் ஆற்றையே கொத்தனாராக வைத்துக் கட்டிய அணை என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இந்த நுட்பத்தைக் கண்டு வியந்தார். 1836 முதல் 1838 வரை முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டவும் இந்த அறிவு அவருக்குத் துணைநின்றது. ஆங்கிலேயர் வழங்கிய 'அனிகட்' என்ற சொல் நம்முடைய அணைக்கட்டுத்தான். முக்கொம்பு அணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்தன என்பதையும் சேர்த்து நினைவில் கொள்க. எக்கட்டடத்துக்கும் காப்போர் வேண்டும்.

கல்லணைப் பாலத்தின்மீது நின்று வடக்கிலிருந்து தெற்காக எண்ணுங்கள்: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய். இறுதியாகச் சொன்னது மேட்டூர் அணையோடு 1934இல் நிறைவுற்றது. புது ஆறு என்று மக்கள் அழைப்பர். தஞ்சைப் பெரிய கோயிலின் பக்கத்தில் ஓடுவதும் அதுவே.

கடைமடைப் பகுதிப் பள்ளியொன்றில் நான் பணியாற்றியபோது மாணவர்களை இங்கே அழைத்து வந்தேன். மதகு திறந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஒரு சிறுவன் பாலத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றான். 'ஐயா, இந்தத் தண்ணீர் எங்கள் ஊருக்கு எப்போது வரும்?' என்று கேட்டான். அவனுடைய தந்தை நாற்றங்காலை உழுது போட்டுவிட்டுக் காத்திருந்தார். பாடநூலில் அதற்கு விடை இல்லை. மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அங்கிருந்து முறைவைத்துப் பங்கிட்டுக் கடைமடையை அடைய மேலும் பல நாட்கள் ஆகும். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை ஓராண்டிலும் அந்நாளில் திறக்க இயலவில்லை. 2020இல்தான் மீண்டும் இயன்றது. நீர் வரத் தாமதமானால் குறுவை போகும். சம்பா ஒன்றே மிஞ்சும். ஒரு போகம் போனால் ஒரு வீட்டில் என்னென்ன போகும் என்பதைக் கல்லணையில் நிற்கும்போது அச்சிறுவனைப் போல எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதை நான் கடுமையாகவே சொல்கிறேன். கல்லணையிலோ கொள்ளிடத்திலோ நீரில் இறங்காதீர்கள். மதகின் கீழே நீர் சுழலும். மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரியா; முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியில் ஆள் ஆழம் இருக்கும். நீந்தத் தெரிந்தவர்களையும் அவை விடுவதில்லை. நண்பர்கள் எள்ளி நகையாடினாலும் கரையிலேயே நில்லுங்கள்.

தஞ்சை நகருக்குள்ளேயே ஓர் உலா உண்டு. 1010இல் இராசராசன் நிறைவேற்றிய பெரிய கோயிலை நீங்கள் பலமுறை பார்த்திருக்கலாம், அளந்திருக்க மாட்டீர்கள். 'விமானத்தின் நிழல் தரையில் விழாது' என்ற கதையை இன்றும் சிலர் சொல்லிவருகின்றனர். காலை ஒன்பது மணிக்குச் சென்று பாருங்கள். நிழல் நன்றாகவே விழுந்து கிடக்கும். விமானம் அடியில் அகன்று மேலே குவிந்து செங்குத்தாக உயர்வது. கதிரவன் உச்சியில் நிற்கும் கோடை நண்பகலில் சிகரத்தின் நிழல் விமானத்தின் உடலிலேயே அடங்கிவிடுகிறது. கதை பிறந்தது இதனால் ஆகலாம். ஒரு கோலை நிறுத்தி, கோலின் நிழலையும் அதே நேரத்தில் சிகரத்தின் நிழலையும் நூல்கயிற்றால் அளந்து, வடிவொத்த முக்கோணக் கணக்கைப் போடுங்கள். விமானத்தின் அடியகலத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ள மறக்க வேண்டாம். சிகரத்தின் நேர்க்கீழ்ப் புள்ளி கோயிலின் உள்ளே அல்லவா இருக்கிறது? விடை 216 அடியை ஒட்டி வந்தால் நீங்கள் நல்ல கணக்கர்கள். எஞ்சிய பொழுதில் அரண்மனைக்குச் சென்று, இரண்டாம் சரபோசி மன்னர் வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தில் ஓலைச்சுவடிகளைக் காணலாம்.

கும்பகோணத்துக்கு ரயிலில் செல்வதே சிறந்தது, செலவும் குறைவு. தாராசுரத்தில் இறங்கினால் சிறிது நடையில் இரண்டாம் இராசராசன் காலத்து ஐராவதேசுவரர் கோயில். பெரிய கோயிலின் பெருமை பருமையில் இருக்கிறது என்றால் இதன் பெருமை நுண்மையில். தேர்போல் அமைந்த மண்டபத்தையும், நாயன்மார்களின் வரலாற்றைச் சொல்லும் சிறு சிற்பங்களையும் ஒரு மணி நேரமாவது பாருங்கள். பிறகு கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் கணிதமேதை இராமானுசன் வளர்ந்த வீடு. ஓர் எளிய ஓட்டுவீடு. இப்போது நினைவில்லமாகக் காக்கப்படுகிறது. காவிரிக்கு அப்பால் அரசினர் கலைக் கல்லூரி. 1904இல் உதவித்தொகை பெற்று அதில் சேர்ந்த இராமானுசன், கணிதம் ஒன்றையே கவனித்து மற்றப் பாடங்களில் தேறாமையால் அவ்வுதவியை இழந்தார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தமிழ் கற்பித்ததும் இதே கல்லூரியில்தான். தேர்வில் தவறிய மாணவர்கள் யாரேனும் உங்களோடு வந்தால், அவர்களை அந்த வீட்டின் திண்ணையருகே சிறிது நேரம் நிற்க விடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து வடக்கே சென்று, கொள்ளிடத்தின்மீது அணைக்கரையைக் கடந்தால் கங்கைகொண்ட சோழபுரம். அணைக்கரைக் கீழணையும் காட்டன் காலத்ததே. அதைக் கட்டுவதற்குச் சோழபுரத்துக் கோயிலின் திருச்சுற்று மதிலைப் பெயர்த்துக் கல் கொண்டுபோனார்கள். வயலுக்கு நீர் தந்த அணையின் வயிற்றில் இராசேந்திரன் எழுப்பிய மதில் கிடக்கிறது. இது நன்றா தீதா என்று கல்லூரி மாணவர்கள் வழியெல்லாம் வாதிட்டுக்கொண்டு வரலாம். நான் ஒரு பக்கமும் சேரமாட்டேன்.

கடல் பார்க்க விரும்புவோர் பட்டுக்கோட்டை வழியாக மனோராவுக்குப் போகலாம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடச் சரபோசி மன்னர் 1814இல் எழுப்பிய எட்டு நிலைக் கோபுரம் அது. ஐரோப்பாவில் நடந்த போருக்கு மல்லிப்பட்டினத்துக் கடற்கரையில் நினைவுச் சின்னம்! எதிரே உள்ள பாக் நீரிணையில் 2022இல் கடற்பசுக் காப்பகம் அமைக்கப்பட்டிருக்கிறது.

இறுதியாக, பலரும் பாராத ஓரிடம். தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. செங்கல்லால் ஆன பெரிய வட்டக் கட்டடம், தலை கூம்பியது. கீழும் நடுவும் மேலுமாக வாயில்கள் உண்டு. நெல் குறையக் குறையக் கீழ் வாயிலுக்கு இறங்கி வரலாம். நூல்கயிற்றால் அதன் சுற்றளவை அளந்து, அதைக் கொண்டு விட்டத்தையும், உருளை, கூம்பு ஆகிய இரண்டின் கன அளவையும் கண்டுபிடியுங்கள். கூம்புக்கு மூன்றில் ஒரு பங்கு என்பதை நினைவில் வையுங்கள். எத்தனை கலம் நெல் கொள்ளும் என்பதற்கு, ஒரு கலத்துக்கு 12 மரக்கால் என்ற வாய்பாட்டை வீட்டில் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டதாதலால் விடைகளும் வேறுபடும். பாபநாசம் நிலையத்தில் மாலை வண்டிக்குக் காத்திருக்கும் நேரம் அந்தக் கணக்குக்குப் போதும்.