கூட்டுப்பொருள் வானூர்தியும் தட்டாய்வுக் கருவியும்

தன்மையால் வேறுபட்ட பொருள்கள் தத்தம் இயல்பு கெடாமல் ஒன்றோடொன்று பிணைந்து, தனித்து நின்றபோது இல்லாத வலிமையைச் சேர்ந்து நின்றபோது பெறுமாயின், அச்சேர்க்கையைக் கூட்டுப்பொருள் என்கிறோம். வானூர்தியில் ஆளப்படும் கூட்டுப்பொருளில் இழுவிசையைத் தாங்குவது இழை. இழைகளை நிலைபெயராமல் பற்றி, ஒன்றன் சுமையை மற்றொன்றுக்குக் கடத்துவது பிசின். அமைப்பால் நோக்கின் இஃது இருவகைப்படும். பிசின் ஊறிய இழைப்படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெப்பமும் அழுத்தமும் தந்து இறுக்கிய அடுக்குத்தகடு ஒன்று. மெல்லிய இரு மேல்தகடுகளுக்கு நடுவே, தேனடை போல் அறையறையாய் அமைந்த எடை குறைந்த உள்ளகத்தை வைத்து ஒட்டிய இடையகப் பலகை மற்றொன்று.

பெருங்குடியை ஒட்டிய மதுரை வானூர்தி நிலையத்தில் வந்திறங்கும் ஊர்திகளை நோக்கினாலே இப்பொருளின் ஆட்சி புலப்படும். ஏர்பஸ் ஏ-320 ஊர்தியின் நிமிர்வாலும் சுக்கானும், ஏ.டி.ஆர். 72 ஊர்தியின் புறச்சிறகுப் பெட்டகமும் கரிம இழையால் ஆனவை. பெங்களூரில் 2001 சனவரி 4 அன்று முதன்முதலாக வானேறிய தேஜஸ் போர் ஊர்தியின் கட்டமைப்பு எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கூட்டுப்பொருளே. போயிங் 787 ஊர்தியில் அது பாதியை எட்டியது.

அலுமினியத் தகடு அடிபட்டால் நெளியும். நெளிவே அடிபட்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கூட்டுப்பொருளின் இயல்பு அதுவன்று. ஓடுபாதையிலிருந்து தெறித்த கல்லோ, பணியாளர் கைதவறி விழுந்த திருகுசாவியோ பட்ட இடத்தில், வண்ணப்பூச்சுகூடக் கலையாதிருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். மேல்தகடு உள்ளகத்தினின்றும் ஒட்டு விட்டிருக்கலாம். உள்ளகத்தின் அறைச்சுவர்களே நசுங்கியிருக்கலாம். கண்ணுக்குத் தோன்றாத இக்குறைகளை, பொருளைச் சிதைக்காமல் அறியும் முறைகள் பல. மீயொலி ஆய்வு, வெப்பப்பட ஆய்வு, ஊடுகதிர் ஆய்வு ஆகியவற்றுக்கு விலைமிக்க பொறிகள் வேண்டும். அவை அனைத்திற்கும் முன்னே பணிமனையில் முதலில் கையாளப்படுவது தட்டாய்வு. சிறு சுத்தியல் போன்ற எடை குறைந்த கடினமான பொருளால் பரப்பை மெல்லத் தட்டி, எழும் ஒலியின் வேறுபாட்டால் உள்ளிருக்கும் பழுதை அறிவதே அது. நன்கு ஒட்டிய இடம் தெளிந்து கூர்மையாக ஒலிக்கும். ஒட்டு விட்ட இடம் மழுங்கி ஒலிக்கும்.

ஏன் மழுங்குகிறது? பழுதுற்ற இடம் தனக்கென ஒரு மழுங்கிய குரலை வைத்திருக்கிறது என்று பலரும் எண்ணுவர். உண்மை இதனினும் நுட்பமானது. பிரிந்த அடுக்கு, கீழுள்ள உடலின் தாங்குதலை இழந்து, சிறிய வில்சுருளைப் போல் நெகிழ்கிறது. அதன்மேல் விழும் சுத்தியல் உடனே துள்ளி மீளாமல் சற்றுக் கூடுதலாகத் தங்கி எழுகிறது. குறுகிய நேர மோதல் உயர் அதிர்வெண்களையும் சேர்த்து எழுப்பும். நீண்ட நேர மோதல் தாழ்ந்த அதிர்வெண்களை மட்டுமே எழுப்ப வல்லது. ஆகவே செவி கேட்கும் மழுக்கத்தில் பெரும்பங்கு, சுத்தியல் தங்கிய நேரத்தின் நீட்சியே. இங்கிலாந்தின் காவ்லி, ஆடம்ஸ் என்னும் அறிஞர் இருவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விளக்கத்தை இயக்கவியலின் துணையோடு நிறுவியது. கருவியை உருவாக்க விரும்புவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுவே: தட்டாய்வில் செவி அளப்பது விறைப்பை, அதை நேரத்தின் வழியாக அளக்கிறது.

இத்தொடர்பு எளிய கணக்கில் அடங்கும். மோதல் நேரம், சுத்தியலின் நிறையைப் பரப்பின் விறைப்பால் வகுத்து, அதன் இருமடி மூலத்தைப் பை (π) என்னும் எண்ணால் பெருக்கினால் கிடைக்கும். 27 கிராம் நிறையுள்ள சுத்தியல், மீட்டருக்குப் பத்து இலட்சம் நியூட்டன் விறைப்புள்ள பரப்பைத் தட்டினால், ஏறத்தாழ அரை மில்லிநொடி தங்கும். விறைப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் நேரம் இரட்டிக்கும். எவ்வளவு ஓங்கித் தட்டினோம் என்பது இக்கணக்கில் இடம்பெறவே இல்லை! கைவலுவில் மாறுபட்ட இருவர் ஒரே முடிவுக்கு வர முடிவது இதனாலேயே.

பிரிந்த அடுக்கின் விறைப்பையும் அவ்வாறே அறியலாம். அது தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். பழுதின் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். பழுதின் விட்டம் இரட்டித்தால் விறைப்பு கால் பங்காகும். மேலுள்ள அடுக்கின் தடிமன் இரட்டித்தால் எட்டு மடங்காகும். பரந்த பழுது எளிதில் பிடிபடுவதும், ஆழத்தில் உள்ள பழுது செவிக்குத் தப்புவதும் இவ்வொரு விதியின் இரு முகங்கள். மெல்லிய மேல்தகடு கொண்ட இடையகப் பலகைக்குத் தட்டாய்வு உற்ற முறையாகவும், தடித்த அடுக்குத்தகட்டின் அடியாழத்திற்குப் பயன்படாததாகவும் இருப்பது இதன் விளைவே.

தட்டி அறியும் அறிவு மதுரைக்குப் புதியதன்று. மீனாட்சியம்மன் கோயிலின் வடக்காடி வீதியில் நிற்கும் ஐந்து இசைத்தூண்கள், ஒவ்வொன்றும் ஒரே கல்லிலிருந்து செதுக்கிய இருபத்திரண்டு சிறுதூண்களை உடையவை. கல்லைத் தேரும் தச்சர் அதைத் தட்டி, மணியென ஒலிப்பதை ஆண்கல் என்றும், தாளமென ஒலிப்பதைப் பெண்கல் என்றும், ஒலி மழுங்கியதை அலிகல் என்றும் பகுத்து, மூன்றாவதைத் திருமேனிக்கு ஆகாதெனத் தள்ளினர். அவ்வகைப்பாட்டைப் பழமை என்று ஒதுக்குவது பிழை. முழுமை குன்றிய பொருள் ஒலியால் தன்னைக் காட்டிக்கொள்ளும் என்னும் கொள்கை அதனுள் தெளிவாக நிற்கிறது. கல்பாக்கம் அணு ஆய்வு நடுவத்தைச் சேர்ந்த அறிவியலர், ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்களைச் சிதைவிலா ஆய்வு முறைகளால் அளந்து, தூணின் வளைவு அதிர்வே அவ்விசைக்கு அடிப்படை என 2008-இல் வெளியிட்டனர். கல்தச்சரின் செவியும் அணுநிலையத்தின் உணரியும் ஒரே பொருளை நாடியிருக்கின்றன.

இனிக் கருவிக்கு வருவோம். காசால் தட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆயினும் காசு அளவுகோல் ஆகாது. 1992-இல் வெளிவந்த ஓர் உரூபாய்க் காசின் எடை 4.85 கிராம், 2011-இல் வந்ததன் எடை 3.79 கிராம். காசின் நிறையை மட்டும் கொண்டு கணக்கிட்டாலும், முன்னதன் மோதல் நேரம் பின்னதைவிட 13 விழுக்காடு மிகும். நேற்று ஒரு காசாலும் இன்று மற்றொரு காசாலும் ஒரே பலகையைத் தட்டியவருக்கு, அதன் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டாற்போலத் தோன்றலாம். விரல்கள் காசைப் பற்றும் இறுக்கமும் இதனோடு சேரும்.

எனவே கருவிக்கு மூன்று இயல்புகள் வேண்டும் என்பேன்: மாறாத நிறை, கடினமும் உருட்சியும் உடைய முனை, தலையைத் தடையின்றித் துள்ளவிடும் மெல்லிய பிடி. 12 மில்லிமீட்டர் விட்டமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள எஃகு உருளை ஏறத்தாழ 27 கிராம் எடையுள்ளது. கப்பலூர்த் தொழிற்பேட்டையின் கடைசல் பட்டறை எதுவும் இதை எளிதில் கடைந்து தரும். முனையைக் குவிந்த உருண்டை வடிவில் கடைந்து, கீறல் ஒன்றும் இல்லாதபடி மெருகிட வேண்டும். விளிம்பு கூர்த்திருந்தால் ஆய்வே புதிய பழுதை உண்டாக்கிவிடும். முனைக்கு இரப்பர் உறை இடலாகாது. இட்டால் உறையின் நெகிழ்வே பரப்பின் நெகிழ்வை மறைத்துவிடும்.

கருவியைவிடக் கடினமானது அதைச் சரிபார்க்கும் ஒப்புப்பலகை. ஆய்வுக்குரிய பகுதியின் அதே மேல்தகடு, அதே உள்ளகம், அதே பசை கொண்டு ஒரு பலகை செய்து, ஒட்ட வேண்டிய இடத்தில் டெஃப்லான் படலத்தை வட்டமாக வெட்டி வைத்து, அறிந்த அளவுள்ள பழுதுகளை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும். சுத்தியல் அவற்றுள் எந்த அளவுவரை காட்டுகிறதோ அதுவே அதன் திறன். ஊர்தியில் ஆளப்படும் கருவி, அவ்வூர்தியைச் செய்த நிறுவனத்தின் பேணுகைக் கையேட்டுக்கு இசைந்திருத்தல் வேண்டும். நாம் கடைந்த சுத்தியல் அவ்விசைவு பெறும்வரை கல்விக்கும் பயிற்சிக்கும் உரியது.

கையாளும் முறையிலும் ஒழுங்கு உண்டு. ஆரவாரமற்ற இடத்தில், பழுதில்லை என்று அறிந்த பகுதியில் தட்டத் தொடங்கி அவ்வொலியைச் செவியில் பதித்துக்கொண்டு, ஒரு விரற்கடை இடைவெளியில் வரிசை வரிசையாக நகர வேண்டும். மணிக்கட்டு மட்டும் அசைய, சுத்தியல் தன் எடையால் விழுந்து தானே எழ வேண்டும். ஒலி மாறும் இடத்தில் நின்று, நான்கு திசைகளிலிருந்தும் அப்புள்ளியை நோக்கித் தட்டி வந்து, மாறும் எல்லையை மெழுகுக்கோலால் குறித்தால், பழுதின் வடிவம் பரப்பின்மேல் கோடாக எழும். ஒலி மாறிய இடமெல்லாம் பழுது அன்று. அடியில் விலா எலும்பு போல் ஓடும் தாங்கியும், உள்ளகத்தின் மாற்றமும் ஒலியை மாற்றும். கட்டமைப்பின் வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டே தட்ட வேண்டும்.

தட்டாய்வின் எல்லையையும் மறவாது சொல்ல வேண்டும். 2005 மார்ச்சு 6 அன்று கியூபாவின் வரடேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நோக்கிப் பறந்த ஏர் டிரான்சாட் ஏ-310 ஊர்தி, தேனடை உள்ளகம் கொண்ட தன் சுக்கானின் பெரும்பகுதியை நடுவானில் இழந்து திரும்பித் தரையிறங்கியது, உயிரிழப்பு இல்லை. அதுவரை பரிந்துரைக்கப்பட்டிருந்த ஆய்வுத் திட்டம் சுக்கானின் குறைகள் அனைத்தையும் கண்டறியப் போதுமானதன்று எனக் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு கூறியது. தட்டாய்வு ஐயத்தை எழுப்பும் இடத்திலும், அது எட்டாத ஆழத்திலும் மீயொலி ஆய்வு தொடர வேண்டும்.

செவியின் அளவையை எண்ணாக மாற்றுவது அடுத்த படி. சுத்தியல் தலையில் விசை உணரி ஒன்றைப் பொருத்தி, மோதல் நேரத்தை நேரே காட்டும் மின்னணுச் சுத்தியல்கள் இன்று விற்பனையில் உள்ளன. அவற்றின் உள்ளமைப்பு மேலே சொன்ன கணக்குதான். அழுத்தமின் வில்லை ஒன்றையும் சிறிய நுண்கட்டுப்பாட்டுப் பொறியையும் கொண்டு, மதுரையின் பொறியியற் கல்லூரி மாணவர் இதை ஒரு பருவத்திற்குள் செய்து முடிக்க இயலும். செய்வோர், நல்ல இடத்தின் நேரத்தையும் ஒப்புப்பலகையின் ஒவ்வொரு பழுதின் நேரத்தையும் பலமுறை தட்டி அளந்து, அளவுகளின் சிதறலையும் சேர்த்துப் பட்டியலிட வேண்டும். சிதறலுக்கு மேல் எழும் வேறுபாட்டை மட்டுமே பழுது எனக் கொள்ளலாம்.