கலிபோர்னியாவில் சூதாட்ட விடுதி வருவாயும் நடிகர் ஆளுநரும்

அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் என்பவர் நியமிக்கப்படுபவர் அல்லர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சருக்கு ஒப்பானவர் எனலாம். 2003 அக்டோபர் 7 அன்று கலிபோர்னியா மக்கள் ஆளுநர் கிரே டேவிசைப் பதவிநீக்கினர். அன்றே நடந்த தேர்தலில் திரைப்பட நடிகர் ஆர்னால்ட் சுவார்செனேகர் வென்றார். வாக்குச்சீட்டில் 135 பெயர்கள் இருந்தன.

மாநிலம் அப்போது கடும் நிதிப் பற்றாக்குறையில் இருந்தது. பூர்வகுடிகள் நடத்தும் கேசினோ எனும் சூதாட்ட விடுதிகள் பெரும்பணம் ஈட்டியும் வரி செலுத்துவதில்லை, நியாயமான பங்கைத் தர வேண்டும் என்று அவரது தொலைக்காட்சி விளம்பரங்கள் கூறின. சில பூர்வகுடிகள் அவருடைய எதிர்வேட்பாளர் குரூஸ் பஸ்டமான்டேவுக்குப் பெருந்தொகை நன்கொடை அளித்திருந்தன.

விளம்பரம் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. பூர்வகுடிகள் தமக்கெனத் தனி அரசு உடையவர்கள். 1988ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி அவர்களின் சூதாட்டத்துக்கு மாநிலம் வரி விதிக்க முடியாது, ஒப்பந்தம்தான் செய்துகொள்ளலாம். மாநிலம் பணம் கேட்டால் ஈடாக ஏதேனும் சலுகை தர வேண்டும். எனவே 'பங்கு' என்பது வரியன்று, பேரம். 1999 ஒப்பந்தங்கள் ஒரு குடிக்கு 2,000 ஸ்லாட் இயந்திரங்கள் என வரம்பிட்டிருந்தன. 2004இல் சுவார்செனேகர் ஐந்து குடிகளுக்கு அவ்வரம்பை நீக்கினார். அவை மாநிலத்துக்குக் கூடுதல் தொகை தர ஒப்புக்கொண்டன.

அதே நவம்பரில் சூதாட்டம் பற்றிய இரு முன்மொழிவுகள், 68ஆம் 70ஆம் எண்ணுள்ளவை, மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. பூர்வகுடிகளுக்கு 99 ஆண்டு ஒப்பந்தமும் வரம்பற்ற இயந்திரங்களும் தர முனைந்தது 70. அவர்களின் தனியுரிமையை உடைக்க முனைந்தது 68. இரண்டையும் எதிர்த்து ஆளுநர் பிரசாரம் செய்தார். இரண்டும் தோற்றன.