பதார்த்தத்தின் பெயரே படத்தின் பெயர்

வத்தக்குழம்பும் காரக்குழம்பும் கிண்ணத்தில் ஊற்றிப் படமெடுத்தால் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றுமாதலால், நாலு நாள் கழித்துப் பார்க்கும்போது சமைத்தவருக்கே சந்தேகம் வந்துவிடுவது சகஜம். ஓட்டல்களின் மெனு அட்டையில் படங்கள் இடம் மாறி அச்சாவதற்கு, படமெடுத்த அன்றே கோப்புகளுக்குப் பொருளுள்ள பெயரிடாமல் விடுவது ஒரு முக்கிய காரணமாகும்.

டிஜிட்டல் கேமரா தானாக இடும் பெயரை நம்பியிருப்பதில் பிரயோஜனமில்லை. 1998-ல் ஜப்பானில் வகுக்கப்பட்ட விதிப்படி அப்பெயரின் இறுதியில் நான்கு இலக்கங்களே இருப்பதாலும், 9999-ஐ எட்டியபின் எண்ணிக்கை மீண்டும் 0001-லிருந்து தொடங்குவதாலும், வெவ்வேறு படங்கள் ஒரே பெயரைப் பெற்று, ஒன்றன்மேல் ஒன்று பதிவாகி அழிந்துபோகும் அபாயம் உண்டு.

ஆகையால் பதார்த்தம், தேதி, வரிசையெண் என்ற கிரமத்தில், 'காரக்குழம்பு-2025-01-14-03' என்பதுபோல் பெயரிடுவதே உத்தமம். தேதியில் ஆண்டை முதலிலும் நாளைக் கடைசியிலும் எழுதினால், ஒரே பதார்த்தத்தின் படங்கள் கணினியில் தாமாகவே கால வரிசையில் நிற்கும். ஒருவர் 'தோசை' என்றும் மற்றொருவர் 'தோசா' என்றும் எழுதினால் தேடும்போது பாதிப் படங்கள் அகப்படாமற் போகுமாதலால், எழுத்துக்கூட்டல் ஒன்றாகவே இருக்க வேண்டும். விலையைப் பெயரில் சேர்ப்பது உசிதமன்று. விலை மாறும், பதார்த்தம் மாறாது.

டிபன், சாப்பாடு, இனிப்பு, பானம் என்று மெனுவில் உள்ள பிரிவுகளின்படியே ஃபோல்டர்களையும் வகுத்து, ஒவ்வொன்றிலும் மூலப்படம், திருத்திய படம், அச்சுக்குரியது, இணையத்துக்குரியது எனத் தனித்தனியே வைப்பது அவசியம். ஜேபெக் படம் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது தெளிவை இழக்குமாதலால், மூலத்தைத் தொடாமல் அதன் பிரதியில்தான் திருத்த வேண்டும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டுமென்பதால், 4 அங்குல அகலமுள்ள படத்துக்கு 1,200 புள்ளிகள் தேவை. கைபேசித் திரைக்கென்று சிறிதாக்கிய படத்தை அச்சகத்துக்கு அனுப்பினால் மங்கலாகவே வரும்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் விதியை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரசித்தப்படுத்தினார். ஓட்டல் அலுவலகத்துக் கணினி பழுதானாலும் படங்கள் தப்பிப் பிழைக்க அதுவே மார்க்கம்.

ஓட்டல் நடத்தும் அன்பர்கள் இந்த நியமங்களை ஒரு தாளில் எழுதி, படமெடுப்பவரிடமும் அச்சகத்தாரிடமும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். பெயரிடும் வேலையையும் இலையெடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.