லாரிக்காரருக்குக் கேட்கவில்லை!

காலை 7 மணி. ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் என் மகள். வயது 8. தோளிலே பள்ளிக்கூடப் பை.

வழியில் ஒரு கிடங்கு. அதன் வாசலில் ஒரு லாரி நின்றது. திடீரென்று அது பின்னால் வரத் தொடங்கியது. எனக்குப் பின்னே ஒரு பஸ். ஒதுங்க இடம் இல்லை. ஹாரனை அழுத்தினேன்.

"கீச்... கீச்..."

லாரி நிற்கவில்லை. மீண்டும் அழுத்தினேன். விரல் வலிக்கும் வரை அழுத்தினேன். "கீச்... கீச்..." லாரி வந்துகொண்டே இருந்தது. மகள் "அப்பா!" என்று அலறினாள்.

டீக்கடையில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். லாரியின் பக்கத்தில் 'படபட' என்று தட்டினார்கள். லாரி நின்றது. அதற்கும் என் வண்டிக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி!

டிரைவர் இறங்கி வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "சத்தியமா எனக்குக் கேட்கவே இல்லை, சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

அந்த லாரியின் பின்பக்கத்திலே, என் கண்ணுக்கு நேரே, பெரிய எழுத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "சவுண்ட் ஹாரன்!"

வீட்டுக்கு வந்ததும் மகள் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "முதலில் அந்த ஹாரனை மாற்றுங்கள். பிறகு சாப்பிடலாம்" என்றாள் என் மனைவி.

புதுப்பேட்டையில்...

சென்னையில் மோட்டார் சாமான் என்றால் புதுப்பேட்டைதான். பழைய சாமான், புதிய சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். ஹாரனிலே எத்தனை வகை! நாய் குரைப்பதுபோல் ஒன்று. குழந்தை அழுவதுபோல் ஒன்று. சினிமா மெட்டு பாடுவது ஒன்று. அழுத்திக் காட்டியபோது தெருவே திரும்பிப் பார்த்தது!

அங்கே ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். "பெரிய சத்தமாக ஒன்று மாட்டுங்கள், ஐயா" என்றேன்.

"இரு தம்பி. பழசுக்கு என்ன நோவுன்னு முதல்லே பார்ப்போம்" என்றார்.

வண்டியின் முன்பக்க மூடியைக் கழற்றினார். ஹாரனில் இருந்த ஒயர்களைப் பிடுங்கினார். வேறு இரண்டு ஒயர்களால் ஹாரனை நேரே பாட்டரியோடு சேர்த்தார்.

"பேங்ங்!"

நான் துள்ளிக் குதித்தேன். அதே ஹாரன்தான்! ஆனால் சத்தம் இரண்டு பங்கு!

பெரியவர் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். பாட்டரியிலே 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. ஆனால் பொத்தானை அழுத்தும்போது ஹாரனுக்கு வந்து சேர்ந்தது 9 வோல்ட்தான்! மீதி எங்கே போயிற்று? பொத்தானுக்குள் பச்சைக் களிம்பு. ஒயர் முனையிலே துரு. மின்சாரம் வழியிலேயே வீணாகிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கால் மணி நேர வேலை.

புது ஹாரன் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும். சில ஹாரன்களின் முதுகிலே ஒரு சிறு திருகு இருக்கும். அதைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பினால் கம்மிப்போன குரல் திரும்பி வருவதும் உண்டு. ஒரேயடியாகத் திருகிவிட்டால் ஹாரன் ஊமையாகிவிடும்!

ஹாரனுக்குள்ளே என்ன இருக்கிறது?

ஒரு மின்காந்தம். அதன் முன்னே ஒரு மெல்லிய எஃகுத் தகடு. பொத்தானை அழுத்தினால் காந்தம் தகட்டை இழுக்கும். தகடு உள்ளே போனதும் ஒரு தொடுமுனை விலகி மின்சாரத்தைத் துண்டிக்கும். காந்தம் செத்துவிடும். தகடு பழைய இடத்துக்குத் தாவும். தாவியதும் மறுபடி மின்சாரம். மறுபடி இழுப்பு. இப்படி ஒரு விநாடியில் சுமார் 400 தடவை, 500 தடவை! அந்தத் துடிப்புதான் சத்தம். 400 என்றால் கட்டைக் குரல். 500 என்றால் கீச்சுக் குரல். கார்களில் இரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்க விடுகிறார்கள். நாதஸ்வரமும் ஒத்தும் சேர்ந்தாற்போல் அது கனமாகக் கேட்கிறது.

வட்டத் தட்டு போன்ற ஹாரன் ஒரு வகை. நத்தை ஓடு போலச் சுருண்டது இன்னொரு வகை. தட்டு ஹாரனின் ஒலி கூர்மையானது. எஞ்சின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும். நத்தை ஹாரனின் ஒலி கொஞ்சம் இனிமையானது. நத்தையை மாட்டும்போது அதன் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்கிவிடும்.

அந்தக் காலத்து பஸ்களில் இதெல்லாம் கிடையாது. டிரைவர் பக்கத்திலே பித்தளைக் குழல். அதன் முனையில் ரப்பர் பந்து. அமுக்கினால் 'பாம்... பாம்...' பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மோட்டாருக்குப் பெருங்குரல் கொடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மில்லர் ரீஸ் ஹட்சிசன். அவர் செய்த 'கிளாக்ஸன்' ஹாரன் 1908-ல் விற்பனைக்கு வந்தது. பல் சக்கரம் ஒரு தகட்டை உரசும், 'ஆ...ஊகா' என்று அலறும்! வேடிக்கை என்னவென்றால், காது கேளாதவர்களுக்கு மின்சாரக் கருவி செய்து கொடுத்தவரும் இதே ஹட்சிசன்தான். "முதலில் ஊரைச் செவிடாக்கு, பிறகு கருவியை விற்றுவிடு!" என்று அந்த நாளில் அவரைக் கேலி செய்தார்கள்.

கம்பெனி ஹாரன் ஏன் சிறியது?

களிம்பைத் துடைத்த பிறகும் எனக்குத் திருப்தி வரவில்லை. "லாரிக்காரருக்கு இது கேட்குமா?" என்று கேட்டேன். பெரியவர் உதட்டைப் பிதுக்கினார்.

சத்தத்தை 'டெசிபல்' என்ற அளவால் அளக்கிறார்கள். வண்டிக்கு முன்னே 7 மீட்டர் தூரத்தில் கருவியை வைத்து அளப்பார்கள். காருக்கும் லாரிக்கும் 93 டெசிபலுக்குக் குறையக் கூடாது. 112-ஐத் தாண்டவும் கூடாது. சிறிய எஞ்சின் உள்ள இரு சக்கர வண்டிக்கு 83 இருந்தாலே போதும்.

பத்துதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள்! டெசிபல் கணக்கு வேறு. 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரியும். தூரம் இரண்டு மடங்கானால் இன்னும் 6 டெசிபல் போய்விடும். அதற்கு மேலே லாரியின் எஞ்சின் இரைச்சல், மூடிய கண்ணாடி, உள்ளே பாட்டு. என் 'கீச்' எங்கே போய்ச் சேரும்?

இரண்டு பங்கு மின்சாரம், மூன்று பங்கு கவனம்

கடைசியில் இரு சக்கர வண்டிக்கென்றே வரும் சிறிய ஜோடி ஹாரனைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்று கட்டை, ஒன்று கீச்சு. கார்களுக்கான பெரிய ஜோடி ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். ஸ்கூட்டரில் உள்ள சின்ன பாட்டரிக்கு அது தாங்காது.

"பழைய ஒயரிலேயே மாட்டிவிடுங்களேன்" என்றேன்.

"மாட்டலாம். ஒரு மாசத்திலே பொத்தான் கருகும். ஒயர் சூடாகும். தீப்பிடிச்சாலும் பிடிக்கும்" என்றார்.

அதற்காக 'ரிலே' என்று ஒரு சிறு பெட்டியை வைக்கிறார்கள். வீட்டு எஜமானர் கதவைத் திறக்கச் சொல்கிறார். காவல்காரர் திறக்கிறார் அல்லவா? அதுபோலத்தான். பொத்தானிலிருந்து வரும் சிறு மின்சாரம் ரிலேயை எழுப்பும். ரிலே, பாட்டரியிலிருந்து வரும் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும். அதன் கால்களில் எண்கள் இருக்கின்றன. 85, 86 இரண்டும் பழைய ஹாரன் ஒயர்களுக்கு. 30 பாட்டரிக்கு. 87 புது ஹாரனுக்கு. பாட்டரி ஒயரில், பாட்டரிக்கு வெகு அருகிலேயே, ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாமல் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள்! வண்டியின் ஒயரை வெட்டவும் விடாதீர்கள். வெட்டினால் கம்பெனி உத்தரவாதம் போய்விடும். பழைய ஒயரின் முனையில் பொருந்தும் சொருகி கிடைக்கிறது.

இன்னொன்று. ஹாரன் தன் பட்டையில் மட்டும்தான் தொங்க வேண்டும். தட்டு எதன்மீதாவது இடித்தால் குரல் அடைத்துக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலை நடக்கும்போது ஒரு வாலிபர் வந்தார். லாரியில் இருக்கும் காற்று ஹாரனைத் தன் மோட்டார் சைக்கிளில் மாட்ட வேண்டும் என்றார். பெரியவர் "போய்யா!" என்று விரட்டிவிட்டார்.

விரட்டியது சரிதான். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதி இருக்கிறது. பல சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும் ஹாரன் கூடாது. காதைக் கிழிக்கும் ஒலி, திகிலூட்டும் ஒலி எதுவும் கூடாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் வண்டி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. நாய் குரைப்பும் சினிமா மெட்டும் கடையில் கிடைக்கின்றன. வண்டியில் மாட்டினால் குற்றம்! சத்தத்துக்கான அளவை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்சும் மூன்று மாதத்துக்குப் போகும். 2019-ல் சட்டத்தைத் திருத்தி இப்படிக் கடுமையாக்கினார்கள். சரியான ஹாரனாகவே இருந்தாலும் தேவையில்லாமல் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய். அடுத்த தடவை 2,000 ரூபாய்.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. வீடுகள் உள்ள தெருக்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, ஆபத்துக்குத் தவிர, ஹாரன் அடிக்கக் கூடாது.

பாட்டி போட்ட சத்தம்!

அன்று மாலை புது ஹாரனோடு வீட்டுக்குத் திரும்பினேன். நெடுஞ்சாலையில் ஒரு லாரி என் பாதைக்குள் சாய்ந்தது. ஒரே அழுத்து. "பாங்ங்!" லாரி விலகியது! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையோடு எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி பால் பாத்திரத்தோடு நடுத்தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷம். விரல் பொத்தானில் பட்டுவிட்டது.

பாத்திரம் ஒரு பக்கம். பால் ஒரு பக்கம்!

7 மீட்டரில் 105 டெசிபல் கேட்கும் ஹாரன், 2 மீட்டரில் நிற்பவர் காதிலே 116 டெசிபலாக விழும். அந்த மாதிரிச் சத்தம் அடிக்கடி விழுந்தால் காதுக்குள் இருக்கும் மெல்லிய உணர்மயிர்கள் சாகும். தலைமயிர் உதிர்ந்தால் வளரும். இது வளராது. இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். ஆனால் பாட்டி முன்னே நின்றபோதுதான் புத்தியில் உறைத்தது.

பாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்கள். பிறகு கேட்டார்கள்: "ஏண்டா, நான் என்ன லாரியா?"

மறுநாளே புதுப்பேட்டைக்கு ஓடினேன். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் சில கார்களில் ஊருக்குள் அடிக்க ஒரு ஹாரன், வெளிச்சாலையில் அடிக்க ஒரு ஹாரன் என்று இரண்டு இருந்தன. ஒரு சுவிட்சைத் தள்ளினால் போதும், குரல் மாறிவிடும். அதையே என் வண்டியிலும் செய்யச் சொன்னேன். கழற்றி வைத்திருந்த பழைய ஹாரன் திரும்ப வந்து உட்கார்ந்தது.

"வந்தவர் எல்லாரும் பெருசாக்கத்தான் கேட்டாங்க. சின்னதாக்கக் கேட்டது நீதான்" என்று பெரியவர் சிரித்தார். கூலி வாங்கும்போது மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் தெருமுனையில் சுவிட்சைத் தள்ளினேன். அதே பாட்டி, அதே பால் பாத்திரம். மெதுவாக அழுத்தினேன். "கீச்..."

பாட்டிக்குக் கேட்கவில்லை!

எஞ்சினை அணைத்தேன். இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே அவர்கள் பின்னால் நடந்தேன்.