நீடித்த போரும் நேச நாடுகளும்: சீனத்தின் யப்பானிய எதிர்ப்புப் போர் பற்றிய ஒரு நோக்கு

ஆக்கிரமிக்கும் அயல்நாட்டை எதிர்த்து நிற்கும் வலிமை குன்றிய தேசமொன்றுக்குப் போர்த்தந்திரமும் வெளிநாட்டுக் கூட்டும் இருவேறு பிரச்சினைகளாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. யப்பானுக்கு எதிராகச் சீனம் 1937 முதல் 1945 வரை நடத்திய போரைக் கூர்ந்து நோக்குமிடத்து, இவ்விரண்டையும் பிணைக்கும் காரணி காலமே என்பது புலனாகும்.

1937 யூலை 7ஆம் திகதி மார்க்கோ போலோ பாலத்தருகே தொடங்கிய மோதல் முழுப் போராக விரிந்தது. நவம்பரில் ஷாங்காயும் டிசெம்பரில் தலைநகர் நான்கிங்கும் வீழ்ந்தன. சீனம் அடிமைப்படுவது திண்ணம் என்போர் ஒருபுறம். 1938 ஏப்ரலில் தைஎர்சுவாங்கிற் கிடைத்த வெற்றியைக் கண்டு விரைந்த முடிவை எதிர்பார்த்தோர் மறுபுறம். இவ்விரு சாராரையும் மறுத்தே, அவ்வாண்டு மே மாத இறுதியில், யெனானில் மா ஓ சேதுங் நீடித்த போர் பற்றிய விரிவுரைகளைத் தொடங்கினார். யப்பானின் பலம் அதன் தொழில்வளமும் படைத்திறனும்; பலவீனம் அதன் ஒடுங்கிய நிலப்பரப்பும் மூலப்பொருட் பற்றாக்குறையும். சீனத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. ஆதலின் தற்காப்பு, சமநிலை, எதிர்த்தாக்குதல் என்னும் மூன்று கட்டங்களினூடாகவே பலாபலம் மாறும் என அவர் வாதித்தார். சர்வதேச ஆதரவையும் அவர் கணக்கிற் கொண்டார். ஆயினும் சொந்த எதிர்ப்பே அடிப்படை என்றார்.

இக்கணிப்பை நேச நாடுகளின் போக்கு உறுதிப்படுத்திற்று. சியாங் கை ஷேக்கின் படைகளைப் பயிற்றிய ஜேர்மன் ஆலோசகர்களை ஹிட்லரின் அரசு 1938இல் திருப்பியழைத்தது. பிரித்தானியா 1940 யூலையில் பர்மாப் பாதையை மூன்று மாதங்களுக்கு மூடியது. 1937 ஓகஸ்டில் சீனத்துடன் ஆக்கிரமிப்பின்மை ஒப்பந்தஞ் செய்து கடனும் விமானங்களும் விமானிகளும் உதவிய சோவியத் ஒன்றியம், 1941 ஏப்ரலில் யப்பானுடன் நடுநிலை ஒப்பந்தம் செய்துகொண்டது. மேற்கே ஜேர்மன் அபாயம் சூழ்ந்திருந்த நிலையில் இது விளங்கிக்கொள்ளத்தக்கதே. எனினும் சோஷலிச அரசும் தன் பாதுகாப்பையே முதலில் நோக்கிற்று என்பதை மறைப்பது ஆய்வாகாது.

மறுபுறம், சீனம் பணியாமையினாலேயே யப்பானின் நெருக்கடி முற்றியது. முடிவுறாத போருக்கு எண்ணெயும் மூலப்பொருளும் தேடி அது தெற்கு நோக்கியது. 1941 யூலையில் தெற்கு இந்தோசீனாவினுள் அது புகுந்ததையடுத்து, அதுவரை எண்ணெய் விற்றுவந்த அமெரிக்கா விற்பனையை நிறுத்தியது. டிசெம்பரிற் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலும் தனித்து நின்ற சீனம் வலிய நேசநாடுகளைப் பெற்றது. நீடித்து நின்றமையே கூட்டுக்கான நிலைமையை உருவாக்க உதவிற்று எனலாம்.

இங்கு இரு விடயங்கள் மனங்கொள்ளத்தக்கன. ஒன்று, கெரில்லாப் படைகள் பகைவரின் பின்புலத்தில் மக்களைத் திரட்டின என்பது உண்மையாயினும், நேரடிப் போர்முனைகளில் பெருஞ்சுமையைத் தாங்கியவை கோமிந்தாங் அரசின் படைகளே. முற்போக்கு வரலாற்றெழுத்து இதனை அடிக்கடி மறந்துவிடுகிறது. மற்றொன்று, மா ஓ விவரித்த எதிர்த்தாக்குதற் கட்டம் அவர் எண்ணியவாறு நிகழவில்லை. இறுதி அடி பசிபிக் போர்முனையிலிருந்தும், 1945 ஓகஸ்டில் மஞ்சூரியாவினுட் புகுந்த சோவியத் படைகளிடமிருந்தும் வந்தது. அவ்வுதவிக்கும் விலையிருந்தது: மஞ்சூரியத் துறைமுகங்களிலும் புகையிரதப் பாதைகளிலும் சோவியத்துக்குரிய உரிமைகள், சீனத்தைக் கலந்தாலோசிக்காமலே, 1945 பெப்ரவரியில் யால்டாவில் தீர்மானிக்கப்பட்டன.

நேசநாடு தன் நலனுக்காக வருகிறது. தன் நலனுக்காகவே விலகுகிறது. அது வரும்வரையும், விலகிய பின்னரும் தாங்கிநிற்கும் ஆற்றலை மக்களிடமிருந்தே பெறவேண்டும். வெளியுதவியைத் தன் போர்த்திட்டத்தின் அடித்தளமாகக் கொள்ளும் இயக்கம், தன் முடிவுகளையும் பிறர் கையில் ஒப்படைக்கிறது.