கொடியில் காயும் பால் கவர்

ஐரோப்பிய நகரங்களுக்குப் போய்த் திரும்புகிற நம்மவர்கள், அங்குள்ள வீதிகளின் சுத்தத்தைக் கண்டு பிரமித்து, அது அந்த ஜனங்களின் கூடப்பிறந்த குணம் என்று தீர்ப்பளித்துவிடுவது வழக்கம். பாரீஸ் நகரத்துச் சரித்திரம் அவர்கள் கட்சிக்கு அனுகூலமாக இல்லை. 1884-ஆம் ஆண்டில் அங்கே நிர்வாகப் பொறுப்பிலிருந்த யூஜின் பூபெல் என்பவர், கட்டடத்துக்காரர் ஒவ்வொருவரும் மூடியுள்ள தொட்டிகள் வைத்தாக வேண்டும் என்றும், அழுகுகிறவற்றை ஒன்றிலும், காகிதத்தையும் கந்தலையும் ஒன்றிலும், கண்ணாடியையும் பீங்கானையும் சிப்பி ஓடுகளையும் ஒன்றிலுமாகப் பிரித்துப் போட வேண்டும் என்றும் உத்தரவு பிறப்பித்தபோது, வீட்டுக்காரர்கள் செலவை எண்ணி முணுமுணுத்தார்கள். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களோ தங்கள் ஜீவனத்தில் மண் விழுந்ததென்று கூச்சலிட்டார்கள். அந்த நற்குணம் என்பது, சட்டமும் அபராதமும் வந்து வெகுகாலம் சென்ற பிறகே வந்து சேர்ந்தது.

சூரிச் நகரத்தில் 1993 முதல், மறுசுழற்சிக்கு உதவாத மிச்சக் குப்பையை நகராட்சியின் முத்திரையுள்ள பையில்தான் கட்டி வைக்க வேண்டும். பையின் விலையிலேயே கட்டணம் அடங்கியிருப்பதால், குப்பையைக் குறைக்கிறவனுக்குப் பணம் மிச்சம். சாமர்த்தியமாக வேறு பையில் கட்டி வைத்துவிட்டுப் போகிறவனை, பையைப் பிரித்து, உள்ளே கிடக்கும் கடித உறையின் விலாசத்தைக் கொண்டே கண்டுபிடித்து அபராதம் விதிக்கிறார்கள்.

இந்தப் பீடிகை எதற்கென்றால், இவ்வளவும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலில், கேரளத்து மூணாறு, தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் லயங்களிலும், பாலக்காட்டின் கிழக்கு விளிம்பில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி முதலான தமிழ் பேசும் ஊர்களிலும், வேறொரு வேஷத்தில் நடந்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்வதற்குத்தான். இங்கே தெருவோரத்தில் சக்கரம் வைத்த தொட்டி இல்லை. அதைத் தூக்கிக் கவிழ்க்கும் யந்திர லாரியும் இல்லை. பச்சை மேலங்கி அணிந்த இரண்டு பெண்கள் கையில் சாக்குடன் மாதந்தோறும் வாசலுக்கு வருகிறார்கள், வீட்டு வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படித்துக்கொள்கிறார்கள், பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறார்கள், கிராம பஞ்சாயத்தானால் பெரும்பாலும் 50 ரூபாய் பெற்றுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகிறார்கள். இதுதான் ஹரித கர்ம சேனை. 2016 டிசம்பரில் தொடங்கிய ஹரித கேரளம் இயக்கத்தின் வழியாக, குடும்பஸ்ரீ மாதர் குழுக்களிலிருந்து திரட்டப்பட்ட இச்சேனையில் கேரளம் முழுவதிலும் இன்று 30,000-க்கு மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். அரசாங்கச் சம்பளக்காரர்கள் அல்லர். வாசலில் கிடைக்கும் கட்டணமும், பிரித்த பொருளை விற்று வரும் பணமுமே இவர்களுடைய பிரதான வருமானம்.

பிளாஸ்டிக்கைக் கழுவி, உலர்த்தித்தான் கொடுக்க வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் ஆதார விதி. ஆகவே இப்பிரதேசத்தில் துணி காயும் கொடியிலேயே பால் கவர்களும் கிளிப் மாட்டித் தொங்குவதைக் காணலாம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மலை மறைவில் மழை குறைந்த வறண்ட பூமியாகையால், காலையில் மாட்டிய கவர் அடுப்பு வேலை முடிவதற்குள் சருகாகிவிடும். மூணாற்றிலோ, ஆனி ஆடி மாதங்களில் ஆள் போட்டிருக்கும் சட்டையே காய்வதில்லை. கவர் எங்கே காயும்? லயத்து வாசலில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி இதைப் பற்றியதுதான்.

“ஏங்க்கா, கழுவித் தர்றதும் நாங்க, காசு தர்றதும் நாங்களா?”

“ஈரமா இருந்தா நாத்தம் எடுத்துரும்க்கா. அப்புறம் அங்க யாரும் எடுக்க மாட்டாங்க.”

அந்த முதல் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ஜெர்மனியில் பண்டங்களின் உறைகளைப் போடும் மஞ்சள் தொட்டிக்கு வீட்டுக்காரர் தனிக் கட்டணம் கொடுப்பதில்லை. பொருளை உறையிலிட்டு விற்கிறவனே அந்த உறையைத் திரும்பச் சேகரிக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று 1991-லேயே அங்கே விதி செய்தார்கள். அந்தச் செலவு முடிவில் பண்டத்தின் விலையில் ஏறி ஜனங்களின் தலையிலேயே விடிகிறது என்பது வாஸ்தவம். ஆனாலும் உறையைப் பெருக்குகிறவன் அதிகம் கொடுக்கிறான், குறைக்கிறவன் தப்புகிறான். நம் தேசத்திலும் உற்பத்தியாளர் பொறுப்பு என்பது 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது; லயத்து அக்காளின் 50 ரூபாய் மட்டும் குறைந்தபாடில்லை. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு தீப்பற்றி, பத்து நாளுக்கு மேல் நகரமே புகையில் மூழ்கிய பிற்பாடு, கேரள அரசு சட்டத்தை இறுக்கி, கட்டணத்தைக் கொடாதவரிடம் வரிப் பாக்கியைப் போலவே வசூலிக்கலாம் என்றும் ஆக்கிவிட்டது.

தெருத்தொட்டியை நம்பாமல் வாசலிலேயே கைக்குக் கை வாங்கிக்கொள்வது தரித்திரத்தின் அடையாளம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூணாற்றில் நல்லதண்ணி கல்லாற்றிலுள்ள கழிவுப் பதனிடும் நிலையத்துக்கே, ‘படையப்பா’ என்று ஊரார் பெயரிட்டிருக்கும் காட்டுக் கொம்பன் வந்து காய்கறிக் கழிவைத் தின்றுவிட்டுப் போனதுண்டு. அதனோடு பிளாஸ்டிக்கும் வயிற்றுக்குள் போயிருக்குமோ என்று வனத்துறையார் கவலைப்பட்டார்கள். முதல் நாள் இரவே தொட்டியை நடைபாதையில் தள்ளி வைக்கும் ஜெர்மானிய சம்பிரதாயம் இந்த ஊரில் யானைக்கு இலை போட்டதாகத்தான் முடியும்.

வாசலிலிருந்து போன சாக்கு பஞ்சாயத்தின் சேகரிப்புக் கொட்டகையை அடைகிறது. அங்கே பெண்களே தரையில் உட்கார்ந்து பால் கவர் வேறு, பாட்டில் வேறு, மிட்டாய்க் காகிதம் வேறு என்று கையால் பிரிக்கிறார்கள். தரமானது விலைக்குப் போகிறது. கொஞ்சம் பொடியாக்கப்பட்டுத் தாரோடு கலந்து சாலையாகிறது. ஒன்றுக்கும் உதவாத மிச்சம் சிமெண்டு ஆலைகளின் உலையில் எரிகிறது. அவற்றில் சில ஆலைகள் தமிழகத்தில் இருப்பவை. ஆக, சட்டப்படி போகும் குப்பையும் மலை இறங்கித் தமிழகப் பக்கம் வருகிறது. சட்டத்தை ஏய்த்துப் போகும் குப்பையும் அப்படியே வருகிறது. பொள்ளாச்சி, ஆனைமலை, வாளையாறு வட்டாரத்து விவசாயிகள் தங்கள் தோப்போரங்களில் இரவோடிரவாகக் கொட்டப்பட்ட கேரளக் கழிவைப் பற்றிப் பல வருஷங்களாக முறையிட்டு வருகிறார்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலியை அடுத்த நடுக்கல்லூர்ப் பக்கம் மருத்துவக் கழிவு கொட்டப்பட்டபோது, சூரிச் நகரத்துக் கடித உறையைப் போலவே, குவியலுக்குள் கிடந்த ஆஸ்பத்திரிச் சீட்டுகளே ஊரைக் காட்டிக் கொடுத்தன. பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட, கேரளத்து லாரிகள் வந்து அதை அள்ளிக்கொண்டு திரும்பின.

இதைக் கேட்டு மலையாளிகளை மட்டும் ஏசுகிறவர்கள், கொழும்புத் துறைமுகத்தின் கதையையும் கேட்க வேண்டும். பிரிட்டனிலிருந்து பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் வந்திறங்கிய நூற்றுக்கணக்கான கொள்கலன்களுக்குள் ஆஸ்பத்திரிக் கழிவும் இருந்ததாக இலங்கை சுங்கத்தார் கண்டு, 2020 முதல் 2022 வரை தவணை தவணையாக அவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். சீனம் 2018-ல் கதவைச் சாத்திய பிறகு ஐரோப்பாவின் பிளாஸ்டிக் மலேசியாவுக்கும் துருக்கிக்கும் திரும்பிற்று. வாசலில் பல நிறத் தொட்டிகளை வைத்துப் பிரித்துக் கொடுத்த குடும்பத்துக்கு, தன் தயிர்க் கிண்ணம் எந்த ஆற்றங்கரையில் எரிகிறதென்று தெரியாது. இப்போது ஐரோப்பிய யூனியன், 2026 நவம்பர் முதல், ஓஈசிடி (OECD) அமைப்பில் சேராத தேசங்களுக்குப் பிளாஸ்டிக் கழிவை ஏற்றுமதி செய்வதைத் தடுத்து விதி செய்திருக்கிறது. அங்கே எல்லை தாண்டும் கழிவு லாரியில், பொருள் என்ன, அனுப்புகிறவன் யார், பெறுகிறவன் யார் என்ற பத்திரம் கூடவே போக வேண்டும்.

அப்படியொரு பத்திரத்தின் அவசியம் பறம்பிக்குளத்தைப் பார்த்தால் விளங்கும். பாலக்காடு ஜில்லாவின் முதலமடை பஞ்சாயத்தைச் சேர்ந்த அந்தக் காட்டுக் குடியிருப்புக்கு, வழக்கமான வண்டிப்பாதை சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழகத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே சேரும் பிளாஸ்டிக் தன் சொந்தப் பஞ்சாயத்தின் கொட்டகைக்கு அந்தப் பாதையில் போய்ச் சேர வேண்டுமானால், தமிழகத்தில் இறங்கி, பிறகு மறுபடி கேரள எல்லையைக் கடந்தாக வேண்டும். சோதனைச் சாவடிச் சிப்பந்தியின் கண்ணுக்கு அந்த லாரிக்கும் இரவில் ஆனைமலைத் தோப்பைத் தேடி வரும் லாரிக்கும் வித்தியாசம் தெரிய, டிரைவர் கையிலுள்ள காகிதத்தைத் தவிர வேறு வழியில்லை.