காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வரா?

எவர்சில்வர் வாங்கப் போனால் கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டுவார். "பாருங்கம்மா, ஒட்டலை. ஒரிஜினல்." நாமும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். அந்தச் சோதனையால் தரம் தெரியாது. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 200 வரிசை ரகங்களிலும் ஒட்டாது.

துருப்பிடிக்காத குணம் குரோமியத்தால் வருவது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து அது சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலமாகப் பரவுகிறது. கீறினாலும் காற்றுப் பட்டால் தானே மூடிக்கொள்ளும். எல்லா அமிலமும் இதற்குப் பகையல்ல. தொழிற்சாலைகளில் நைட்ரிக் அமிலத்தில் முக்கியெடுத்துத்தான் இந்தப் படலத்தை உறுதியாக்குகிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமோ அதை அழித்துவிடும். அதிலுள்ள குளோரைடுதான் காரணம். நம் சமையலறையில் அதே குளோரைடு உப்பில் இருக்கிறது. ஊறுகாயை எவர்சில்வர் டப்பாவில் மாதக்கணக்கில் வைத்துப் பாருங்கள். அடியில் ஊசிமுனை அளவுக்குக் கரும்புள்ளிகள் தெரியும், தடவினால் நகம் மாட்டும். அது கறையல்ல, குழி. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. குரோமியம் குறைந்த ரகத்தில் இன்னும் சீக்கிரம் வரும்.

ஆகவே ஊறுகாய்க்குப் பீங்கான் அல்லது கண்ணாடி ஜாடிதான் சரி. மிஞ்சிய புளிக்குழம்பை இரவு முழுக்க எவர்சில்வர் பாத்திரத்தில் விடாதீர்கள். கழிப்பறை கழுவும் அமிலம் பாத்திரத்தில் படவே கூடாது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: புளிப்பை நெடுநேரம் கொதிக்கவிட்டால் சிறிதளவு நிக்கல் உணவில் இறங்கும், புதுப் பாத்திரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே.

எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ். 14756 என்ற இந்தியத் தரநிலை உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழுள்ள உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டினால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். ரகம் எது என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை வைத்து வழக்காடுவது கடினம். 304 என்று சொல்லி வேறு ரகத்தை விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே கிடையாது. பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.